ஆடு முதலா, வாய் முதலா?

அப்பாவின் உள்ளங்கையில் எப்போதும் பெருங்காய வாடை இருக்கும். சாலைக் கடைவீதியில் ஒரு மளிகை மொத்தக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுப்பது அவர் வேலை. எந்தச் சோப்புக்கும் மசியாத அந்த வாடையோடு அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன தூரத்தைத்தான் என் பள்ளிப்பருவம் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

நேமத்திலிருந்து வரும் பஸ் எங்களைக் கிழக்கேகோட்டையில் இறக்கிவிடும். கோட்டைவாசலைத் தாண்டிப் பத்மதீர்த்தக் குளத்தை ஒட்டி நடந்து, என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஒன்பது மணிக்குள் அவர் கடைக்கு ஓடவேண்டும். வழியில், பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே, உயரத்தில் இருந்தது "மேத்தன் மணி" என்ற பழைய கடிகாரம். கடிகாரத்துக்கு மேலே தாடி வைத்த ஒரு முகம், அதன் இரு கன்னங்களுக்கும் பக்கத்துக்கொன்றாக இரண்டு ஆடுகள். மணி அடிக்கும்போது ஆடுகள் கன்னத்தில் முட்டும், தாடிக்காரன் வாயைத் திறப்பான். இது திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் ஆடு முட்டி வலித்ததால் வாயைத் திறக்கிறானா, அல்லது வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போய் ஆடுகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறானா என்பதில் எங்கள் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. கண்ணால் பார்த்து வந்து தீர்ப்புச் சொல்கிறேன் என்று சபதம் செய்தவள் நான்.

அப்பா நிற்க விட்டால்தானே! "ஆடு முட்டும், அவன் வாயத் தொறப்பான், வேறென்ன? வா மக்களே, கடைக்கு நேரமாச்சு கேட்டியா" என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார். பள்ளி வாசலுக்குள் நுழைந்த பிறகு என் முதுகுக்குப் பின்னால் ஒன்பது அடிக்கும். மாலையில் அம்மா வந்து அதே அவசரத்தோடு பஸ்ஸுக்கு இழுத்துப்போவாள். தினமும் பார்த்துச் சலித்த மனுஷர், எனக்கு ஒரே ஒரு நாள் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று அப்பாமேல் ஆத்திரமாக வரும். தனியாகப் போகும் வயது வந்தபோதோ, உள்ளூர்க்காரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதா என்ற வெட்கமும் சேர்ந்து வந்துவிட்டது.

எனக்கு வேலை கிடைத்து நான் ஜெர்மனிக்குப் போன பிறகு, சென்ற கோடையில் அப்பா என்னிடம் வந்திருந்தார். ரோத்தன்பர்க் என்ற பழைய கோட்டை ஊரைச் சுற்றிக்காட்ட ஒருநாள் ரயிலில் கூட்டிப்போனேன். எதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று முன்கூட்டியே திட்டம் போட்டிருந்தேன். அப்பாவோ நின்ற இடத்திலெல்லாம் நின்றார். மதிலின்மேல் கூரை வேய்ந்த நடைபாதையில், துப்பாக்கி நீட்டச் சுவரில் விட்டிருந்த துளைக்கெல்லாம் கண்ணை வைத்து, "இங்ஙன நின்னுதான் வெடி வச்சிருப்பானோ?" என்று கேட்டார். கடைகளின் வாசலில் தொங்கிய இரும்புச் சின்னங்களைப் பார்த்து உள்ளே என்ன விற்பார்கள் என்று ஊகித்தார். முறுக்கை உருண்டையாகச் சுருட்டிச் சீனி தூவியது போன்ற ஒரு பலகாரத்தைக் கடித்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்லியே!" என்று வியந்தார். "வாங்கப்பா, நேரமாச்சு" என்று நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.

ஊர் நடுவிலிருந்த சந்தைச் சதுக்கத்தில் கூட்டம் ஒரு பழைய கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தது. மூன்று அடித்ததும் கடிகாரத்தின் இருபுறமும் ஜன்னல்கள் திறந்தன. ஒன்றில் படையெடுத்து வந்த தளபதி, மற்றதில் ஊரைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெரிய குவளை மதுவை ஒரே மூச்சில் குடித்தார் என்று சொல்லப்படும் ஊர்த்தலைவர். அந்தப் பொம்மை குவளையைத் தூக்கிக் குடித்தது, ஜன்னல்கள் மூடிக்கொண்டன, கூட்டம் கலைந்தது. அப்பா மட்டும் தலையை இறக்கவில்லை.

"மக்களே, தல மொதல்ல சாஞ்சுதா, கோப்ப மொதல்ல உசந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தினமும் மேத்தன் மணியப் பாத்த ஆளுக்கு இதென்ன அதிசயம்?" என்றேன்.

"அத நான் கண்டதில்ல மக்களே. ஒம்பதுக்குக் கட தொறக்கணும். ராத்திரி அடச்சுட்டு ஓடுனா கடேசி பஸ்ஸு. ஆடு முட்டும்னு கடைக்கு வாறவங்க சொல்லிக் கேட்டதுதான்."

என் கண் நிறைந்துவிட்டது. பார்த்துச் சலித்தவர் என்றல்லவா இத்தனை வருஷமும் அவரைக் கோபித்துக்கொண்டிருந்தேன். "நாலு மணிக்கும் காட்டுவானா?" என்று ஆசையாகக் கேட்டவர், நான் பதில் சொல்லுமுன் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், ரயிலு போயிரும், வா" என்று என் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டார். பிடி அதே பிடிதான், பெருங்காய வாடை மட்டும் இல்லை.

இப்போது விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். அப்பா வேலை பார்த்த கடை இன்று இல்லை, அந்த இடத்தில் செல்போன் உறைகள் தொங்குகின்றன. நாங்கள் வந்த பஸ்ஸும் அந்த நேரத்துக்கு ஓடுவதில்லை. இன்று காலை ஆட்டோ பிடித்துப் போய், ஒன்பதுக்கு வெகு முன்னதாகவே மேத்தன் மணியின் கீழே நின்றோம். "நீ ஆட்டப் பாரு, நான் வாயப் பாக்கேன்" என்று அப்பா வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தார்.

ஒன்பது அடித்தது. ஆடுதான் முதலில் என்றேன் நான். வாய்தான் என்றார் அப்பா. போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வாதாடினோம். பிறகு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளத்துச் சுவரில் நிதானமாகச் சாய்ந்து நின்றார்.

"பத்துக்கும் பாப்போம் மக்களே. நமக்கென்ன, கடையா தொறக்கணும்?"