சீற் பெல்ட்டில தைச்ச சேணம்

தீபாவளி கிட்டினால் எங்கடை வீட்டில ஆரும் வந்தாலும் இருக்க இடம் கிடையாது. சோபா முழுக்கப் பிளவுஸ் துணி. ஊரை விட்டு வந்து நாங்கள் குடியிருந்த வெக்ஸ்போர்ட்டில எங்கடை பில்டிங்குச் சனம் மட்டுமில்லை, மோர்னிங்சைட்டில இருந்தும் பஸ் ஏறிக் கொண்டுவந்து தருவினம். எல்லாருக்கும் அவசரம். எல்லாருக்கும் தன்ரைதான் முதல் முடிய வேணும். தொண்ணூறுகளில அப்பிடியொரு ஐப்பசி மாசத்திலதான் என்ரை மனிசன் ஒரு குப்பைப் பை நிறையப் பழைய கார் சீற் பெல்ட்டுகளைக் கொண்டுவந்து என்ரை மெசினுக்குப் பக்கத்தில கொட்டினார்.

"உது என்ன?" எண்டு கேட்டன்.

"இஞ்சாரும், கோவிக்காதையும். ஒரு சேணம் தைக்க வேணும்."

குதிரை எங்கை நிக்குது எண்டு கேட்டன். குதிரைக்கில்லையாம், மரத்துக்காம். மரத்தில ஏறி, உதை இடுப்பிலயும் தொடைக்குக் கீழயும் வரக்கூடியமாதிரி மாட்டி, முன்பக்கத்தால ஒரு கயிறு விட்டு மரத்தோட கொழுவிப்போட்டுச் சாய்ஞ்சு தொங்கிக்கொண்டு இருக்கலாமாம். கீழ மான் வருமாம். மான் மேலை பாக்காதாம். அம்பு விடலாமாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

இந்தப் பைத்தியத்தைத் துவக்கி வைச்சது அவற்றை பக்ரறியில பக்கத்து மெசினில நிண்ட ஒரு வெள்ளைக்காரர். அதுக்கு ரெண்டு வருசம் முந்தி அந்த மனிசன் இவரைத் தன்ரை பிக்கப்பில ஏத்திக்கொண்டு வடக்கை காட்டுப்பக்கம் போனவர். அதுக்குப் பிறகு இவர் வகுப்புக்குப் போய் வேட்டை லைசென்ஸ் எடுத்தார், பழைய வில்லு ஒண்டு வாங்கினார். ஊரில கல்லெறிஞ்சு ஒரு மாங்காய் விழுத்தத் தெரியாத ஆள். எனக்குக் கலியாணம் பேசேக்க மாப்பிள்ளை வேட்டைக்காரன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. முதல் வருசம் நிலத்தில இருந்தவராம், மான் மணந்து பிடிச்சு ஓடிட்டுதாம். அதால இந்த வருசம் மரத்தில ஏறப்போறாராம். கடையில ஆட்டிறைச்சி வெட்டி வைச்சிருக்கிறாங்கள், ஏன் உந்த வில்லங்கம் எண்டு கேட்டன். "உமக்கு விளங்காது" எண்டார்.

தைக்க மாட்டன் எண்டுதான் முதல் சொன்னன். அப்பிடியெண்டால் வெறும் கயிற்றை இடுப்பில கட்டிக்கொண்டு ஏறுவாராம். வெருட்டுறார் எண்டு தெரியும். ஆனால் செய்யக்கூடிய ஆள் எண்டும் தெரியும். வேறை வழி இல்லாமல் துணிகளை ஒதுக்கி வைச்சுப்போட்டு மெசினில இருந்தன்.

பாத்துத் தைக்கிறதுக்கு அந்த வெள்ளைக்காரர் தன்ரை சேணத்தை இரவல் குடுத்துவிட்டிருந்தார். விரிச்சுப் பாத்தால் எங்கடை சாப்பாட்டு மேசையை மூடும், அவ்வளவு பெரிய உடம்பு. நான் ஆருக்கும் அளவு நாடா பிடிச்சு அளவெடுக்கிறேல்லை. அளவுச் சட்டை தாங்கோ எண்டுதான் கேப்பன். உடம்புக்குப் பிடிச்ச ஒரு பழைய சட்டையைத் தந்தால், அதை விரிச்சு வைச்சு வெட்டுவன். பிழைச்சது கிடையாது. இவரிட்டையும் அப்பிடித்தான், அளவான ஒரு ஜீன்ஸ் தாங்கோ எண்டன். தந்தார். இடுப்பையும் தொடையையும் அதில பாத்து வெட்டினன்.

சீற் பெல்ட் தைக்கிறது லேசான வேலை இல்லை. வழுக்கும். ரெண்டு மடிப்பு வந்தால் ஊசி பட்டெண்டு முறியும். முறிஞ்ச துண்டு ஒருக்கால் வந்து என்ரை கண்ணாடியில அடிச்சது. பிறகு சோபா தைக்கிற கடையொண்டில தடிச்ச ஊசியும் நைலோன் நூலும் வாங்கி வந்து தந்தார், ஏதோ நகை வாங்கித் தாற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு. மெசின் முக்கி முக்கித் தைச்சுது. பெல்ட் ஒண்டோடொண்டு சேருற ஒவ்வொரு இடத்திலயும் பெட்டி மாதிரித் தைச்சு, அதுக்குள்ள குறுக்காலயும் தைக்க வேணும். இதுக்கிடையில ரெலிபோன். "அன்ரி, என்ரை பிளவுஸ் முடிஞ்சுதோ?" முடியேல்லை பிள்ளை, நான் மரத்துக்குச் சட்டை தைக்கிறன் எண்டு சொல்ல ஏலுமே?

ஆத்திரம் ஒரு பக்கம் எண்டால் பயம் மற்றப் பக்கம். பிளவுசில தையல் விட்டால் ஊசி குத்திச் சமாளிக்கலாம். இதில தையல் விட்டால் மனிசன் மரத்தால விழுவார். அதை அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன். உது அறுந்து முதுகு முறிஞ்சால் என்னட்டை வரக்கூடாது எண்டு தேத்தண்ணி குடுக்கேக்கயும் சொன்னன், சோறு போடேக்கயும் சொன்னன். அவர் ஓம், ஓம் எண்டு சாப்பிட்டார்.

ஒருமாதிரித் தைச்சு முடிச்சன். போட்டுப் பாக்கச் சொன்னன். அவர் அறைக்குள்ள போய்க் காட்டுக்குப் போற உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளுக்குக் கம்பளிக் காற்சட்டை, அதுக்கு மேலை ஜீன்ஸ், அதுக்கு மேலை ஸ்னோ பான்ற்ஸ், இடுப்புக்குக் கீழ இறங்கிற ஜக்கெற். குளிருக்குள்ள நாள் முழுக்க இருக்கிற ஆள் வேறை என்னத்தைப் போடுறது. சேணம் முழங்காலுக்கு மேலை ஏற மாட்டன் எண்டு நிண்டுட்டுது. அவர் அதை இழுக்க, ஹீற்றர் வேறை எரிய, வேர்த்து வழிஞ்சு கொண்டு என்னைப் பாத்தார்.

"ஜீன்சைத் தந்தது நீங்கள்" எண்டன்.

"கேட்டது நீர்."

அவர் சொன்னது சரிதான். இத்தனை வருசம் பனிக்குள்ள இருந்தும், அளவெடுக்கேக்க யாழ்ப்பாணத்து வெய்யிலுக்கு எடுத்த மாதிரித்தானே எடுத்திருக்கிறன். நடுவில ஒரு ஒட்டுப் போடுமன் எண்டார். பாரம் தாங்கிற இடத்தில ஒட்டோ எண்டு ஒரு கத்துக் கத்தினன். முழுக்கப் பிரிக்கத்தான் வேணும். நைலோன் நூலைப் பிரிக்கிறதெண்டால் விரல் நுனியெல்லாம் வெட்டுப்படும். அந்த நேரம் பார்த்து அஞ்சாம் மாடி அன்ரி பிளவுஸ் எடுக்க வந்தா. நிலத்தில கிடந்ததைக் குனிஞ்சு பாத்து, "உதென்ன பிள்ளை, மாட்டுக்கோ?" எண்டு கேட்டா. "ஓம் அன்ரி" எண்டன்.

திரும்ப வெட்டி, திரும்பத் தைச்சன். இந்தமுறை ஸ்னோ பான்ற்ஸ்தான் அளவு. தைச்சு முடிச்சும் எனக்கு மனம் ஆறேல்லை. பில்டிங்குக்குப் பின்னால நிக்கிற மேப்பிள் மரத்தில ஒருக்கால் தொங்கிப் பாப்பம் எண்டு கூட்டிக்கொண்டு போனன். கயிறு கட்ட முதலே பில்டிங்கைப் பராமரிக்கிற சுப்பர் ஓடி வந்து, மரத்தில ஆரும் தொங்கக்கூடாது, விழுந்தால் தனக்குத்தான் பிரச்சினை எண்டு கலைச்சுவிட்டார். அங்கை போய்ப் பாப்பம், விடும் எண்டார் இவர். அங்கை போய்ப் பாக்கிறதெண்டால் மரத்து உச்சியில நிண்டு பாக்கிறதுதான்.

நான் தைச்ச எதையும் சும்மா சுருட்டிக் குடுக்கிறேல்லை. மடிச்சு, பிளாஸ்ரிக் பையில போட்டு, வாயை மடக்கி ஒரு குண்டூசியைச் சரிச்சுக் குத்தித்தான் குடுப்பன். கைப்பழக்கம். வெள்ளிக்கிழமை பின்னேரம் சேணத்தையும் அப்பிடித்தான் மடிச்சுக் குத்திக் குடுத்தன். விடிய முதல் பிக்கப் வந்தது. ஏறிப் போயிட்டார்.

அண்டைக்கு முழுக்க நான் ஒரு மனிசியாய் இருக்கேல்லை. ஒரு பிளவுசுக்குக் கையை உள்பக்கம் வெளிப்பக்கம் மாறித் தைச்சுப்போட்டன். ரெலிபோன் அடிச்ச நேரமெல்லாம் ஆஸ்பத்திரி எண்டுதான் எடுத்தன். மூலையில இருந்த அந்தப் பெட்டித் தையல் ஒண்டில நூல் கொஞ்சம் இழுபட்டதோ, அதைத் திருப்பித் தைச்சனோ இல்லையோ எண்டு நினைவு வரேல்லை. கையில கிடைச்ச சீற் பெல்ட் மிச்சத்தை மெசினில வைச்சுத் திரும்பத் தைச்சு, ரெண்டு கையாலயும் இழுத்து இழுத்துப் பாத்தன். அறேல்லை. எண்டாலும் நான் இழுக்கிற பெலம் என்ன, அவற்றை பாரம் என்ன.

இருட்டுப்பட வந்து சேர்ந்தார். கால் கையெல்லாம் ஒழுங்காய் இருந்தது. மான் இல்லை. சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு, மான் வந்தது, தூரத்தால போயிட்டுது எண்டார். நான் அவற்றை பையைத் துறந்து சேணத்தை எடுத்தன், தையல் எப்பிடி எண்டு பாக்க. பிளாஸ்ரிக் பை அப்பிடியே இருந்தது. குண்டூசியும் நான் குத்தின சரிவிலயே இருந்தது.

"நீங்கள் இதில இருக்கேல்லை" எண்டன்.

அவர் சப்பாத்துக் கயிற்றைப் பாத்துக்கொண்டு இருந்தார். "மரத்தடியிலதான் இருந்தனான்" எண்டார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிச்சுது. விரல் வெட்டுப்பட்டது, ஊசி முறிஞ்சது, சனத்திட்டைப் பேச்சு வாங்கினது எல்லாம் ஒண்டாய் வந்தது. "இந்த வெக்ஸ்போர்ட் முழுக்க என்ரை தையலை நம்பி உடுத்துக்கொண்டு திரியுது. கட்டின மனிசனுக்கு நம்பிக்கை இல்லையோ?"

"தையலில எனக்குச் சந்தேகம் இல்லை" எண்டார். "விழுந்தால் எனக்கு அதோட சரி. நீர் பிறகு அந்த மெசினில இருக்க மாட்டீர். அதை நினைச்சன். கை வரேல்லை."

அதைக் கேட்டு எனக்குக் கோவம் கூடினதே ஒழியக் குறையேல்லை. அழுகையும் வந்தது. அழுகை வந்ததுக்கும் சேத்துக் கோவம்.

அடுத்தநாள் காலமை அவற்றை ஸ்னோ பான்ற்சையும் ஜக்கெற்றையும் நான் போட்டன். சேணத்தை ஏத்தி இறுக்கினன். பின்னால மேப்பிள் மரத்தடிக்குப் போய், கயிற்றைக் கட்டுங்கோ எண்டன். வேண்டாமப்பா எண்டு கெஞ்சினார். கட்டுங்கோ எண்டன். கட்டினார், கொளுக்கியைக் கொழுவினார். வீட்டில இருந்து கொண்டுபோன ஸ்ரூலில ஏறிச் சாய்ஞ்சு, ஸ்ரூலைக் காலால தட்டிவிட்டன். என்ரை பாரம் அவற்றையைவிடக் குறைவில்லை, அது ஊருக்கே தெரியும். சேணம் ஒருக்கால் கிறீச்செண்டு இறுகிச்சுது, பிறகு பேசாமல் நிண்டுது. மரத்தைக் காலால உதைச்சு ஆடிப் பாத்தன். எம்பி எம்பி விழுந்து பாத்தன். இவர் கீழ ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு, நான் ஆடுற பக்கமெல்லாம் ஓடினார். சுப்பர் கதவைத் துறந்துகொண்டு வந்து ஏதோ கத்தினார். முடியட்டும், இறங்கிறன் எண்டு நான் தமிழிலயே சொன்னன்.

இறங்கினாப் பிறகு ஒவ்வொரு தையலையும் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தன். ஒரு நூல் அசையேல்லை. திரும்ப மடிச்சு, பையில போட்டு, குண்டூசி குத்தி அவற்றை கையில குடுத்தன்.

அடுத்த சனிக்கிழமையும் பிக்கப் வந்தது. அண்டைக்கும் எனக்குச் சோறு இறங்கேல்லை. தையல் தாங்கும் எண்டு தெரிஞ்சும் இறங்கேல்லை. இருட்டுப்பட வந்தார். மான் இல்லை. பையைத் துறந்தன். சேணம் சுருட்டி அடைஞ்சபடி கிடந்தது. பெல்ட் முழுக்க மரப்பட்டைத் தூள், பைன் மரத்துப் பால் ஒட்டிக் கறுத்துப் போயிருந்தது. மடிப்பும் இல்லை, ஒண்டும் இல்லை.

"குண்டூசி எங்கை?" எண்டு கேட்டன்.

"மரத்தில, மேலை நிண்டு பையைத் துறக்கேக்கை விழுந்திட்டுது."

"விழுந்தது ஊசிதானே" எண்டுபோட்டு, அவருக்குச் சோறு போடப் போனன்.