நாய்ப் போட்டிக்கார அண்ணை

கனடாவில், பிறம்ரன் நகரக் கிடங்கொன்றில் என்னோடு வேலை செய்த ஓர் அண்ணைக்கு ரக்கூன் என்ற மரமேறும் காட்டு விலங்கைத் தேடும் நாய்ப் போட்டியென்றால் உயிர். அங்கே யாரும் ரக்கூனைச் சுடுவதில்லை. அது ஏறிய மரத்தடியில் தன் நாய் குரைப்பதை முதலில் அறிவிப்பவருக்குப் புள்ளி. மரத்தில் ஒன்றுமில்லையென்றால் புள்ளி கழியும்.

கடைசிச் சுற்றுக்கு நானும் போயிருந்தேன். காட்டுக்குள் குரைப்புக் கேட்டதும் அண்ணை வழக்கம்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

“கெதியாய் அறிவியுங்கோ அண்ணை, தோக்கப்போறியள்!” என்றேன்.

“பொறடாப்பா.” கையிலிருந்த ஜிபிஎஸ் திரையைக் காட்டினார். “முந்தின நாயள் மெல்லமாய் மோந்து போகும், நாங்கள் தேடி அலைவம். இப்பத்தை நாயள் பறக்குது, நிக்கிற இடத்தை உது காட்டுது. நாய் பொய் சொல்லுதோ எண்டு உது காட்டுமே? என்ரை நாய், உவள் சும்மா குலைக்கிறாள், அந்த மரத்திலை ஒண்டுமில்லை.”

நாய் அடுத்த மரத்துக்கு ஓடிக் குரைத்தது. “இப்ப சரி!” என்று கத்தினார். நடுவர் டோர்ச் அடிக்க, மேலே ரக்கூனின் கண்கள் மின்னின.

இரண்டு குரைப்பையும் நானும் கேட்டேன். எனக்கு இன்றைக்கும் ஒன்றுபோலத்தான்.