பெயின்ட்டின் மேல் முடுக்கிய போல்ட்டு

வேடியப்பண்ணனின் கண்களில் ஒரு குறையும் இல்லை. குறை இருப்பதாகச் சொன்னவன் நான். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எனக்கு யாரோ. அதனால் உங்களிடம் சொல்ல முடிகிறது. சொல்லும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன்... ஒன்றும் வரவில்லை.

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில், ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை. வண்டிகளுக்கு ஒயரிங், பேட்டரி, லைட் வேலை. வேடியப்பண்ணன் இந்த மலையிலேயே பிறந்தவர். சொந்த ஜீப் வைத்து, பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு ஆயுத பூஜைக்கு ஜீப்புக்குப் புதுப் பெயின்ட் அடித்தார். அதற்காகக் கழற்றிய லைட்டுகளைத் திரும்ப மாட்டியவன் நான். லைட்டுக்குப் போன கரன்ட் திரும்பிவர எர்த் ஒயர் ஒன்று உண்டு. அதை வண்டியின் பாடியில் போல்ட்டு போட்டு முடுக்க வேண்டும். இடையில் பெயின்ட் இருந்தால் கரன்ட் சரியாகப் போகாது; முடுக்கும் இடத்தில் அதைச் சுரண்டி, தகரம் பளபளவென்று தெரிந்த பிறகே முடுக்க வேண்டும். தொழிலுக்கு வருகிறவன் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

நான் சுரண்டவில்லை. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது; சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் காத்திருந்தது. அவர் மனைவி காசியம்மா கற்பூரத் தட்டோடு நின்றிருந்தாள். பூஜை நேரத்தில் புதுப் பெயின்ட்டில் எவன் கீறல் போடுவான்? பெயின்ட்டின் மேலேயே முடுக்கிவிட்டேன்.

அது தவறு, அவ்வளவுதான். பூஜை அவசரத்தில் யாரும் செய்யக்கூடிய தவறு. நான் சொல்ல வந்தது அதையல்ல.

மூன்று வாரம் கழித்து ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இன்னான்னு பாரு தம்பி, லைட்டு மங்குது. மூட்டம் போட்டா ரோடே தெரிய மாட்டேங்குது."

லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை லைட்டின் எர்த்திலும் வைத்தேன். அங்கே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது. இரண்டரை வோல்ட் காட்டியது! பேட்டரி கொடுத்ததில் அந்த இரண்டரை வோல்ட்டும் என் போல்ட்டடியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. மிச்சத்தில்தான் லைட் எரிந்தது.

"என் தப்புதாண்ணா" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஏன் சொல்லவில்லை? கடை வாசலில் நான்கு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். இன்னொரு கடைக்காரனுக்கு எர்த் கொடுக்கவே தெரியாது என்று முந்தின நாள்தான் அவர்களிடம் நக்கலடித்திருந்தேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று எத்தனையோ நாள் தேடினேன்... இல்லை.

பல்பைக் கழற்றினேன். வெறும் ஹோல்டரில் மீட்டரை வைத்தேன். பல்பு எரியாவிட்டால் கரன்ட் ஓடாது. கரன்ட் ஓடாதபோது கெட்ட எர்த்தும் நல்ல எர்த்தாகவே காட்டும். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"பாருங்கண்ணா, பன்னெண்டுக்கு மேலயே காட்டுது. லைட்டுல ஒண்ணும் இல்ல. நீங்க கண்ணத்தான் காட்டணும். வயசாவுதுல்ல?"

டிரைவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, குனிந்து மீட்டரை இன்னொரு தடவை பார்த்தார்.

ஆளில்லாத நேரமாக அவரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆளில்லாத நேரம் எத்தனையோ வந்தது. நான் கூப்பிடவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம், மழை விட்டு மூட்டம் இறங்கிய நேரம், ஒரு வளைவில் ஜீப் பள்ளத்தில் சரிந்தது. முன் சீட்டில் இருந்தவள் காசியம்மா. இடுப்பெலும்பு முறிந்தது. இன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். ஆமாம், போனேன்! ஆப்பிள்கூட வாங்கிப்போனேன். "தம்பி அன்னிக்கே சொல்லுச்சு, கண்ணக் காட்டுன்னு. நாந்தான் கேக்கல" என்று மனைவியின் கட்டிலருகே நின்று சொன்னார். நான் ஆப்பிளை எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

திருப்பத்தூரில் கண்ணைக் காட்டினார். பார்வை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் நம்பவில்லை. "டாக்டரு வாயால சொல்றாரு. தம்பி மீட்டரே வெச்சிக் காட்டுச்சே!" என்று என் கடை முன்னாலேயே எல்லோரிடமும் சொன்னார். ஜீப்பைப் படவேடு ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். ஸ்டியரிங்கை அதன்பிறகு தொடவே இல்லை. இப்போது எதிரே, மற்றவர்களின் ஜீப்புகளில் புளி மூட்டை ஏற்றுகிறார். தினமும் பார்க்கிறேன். டீ வந்தால் அவருக்கும் ஒன்று சொல்கிறேன்.

போன வாரம் அந்த ஜீப் என் கடைக்கே வந்தது. வாங்கியவர் லைட் மங்கலாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். போல்ட்டைக் கழற்றினேன். அதே பெயின்ட்... உப்புத்தாளால் தகரம் தெரியும்வரை தேய்த்து முடுக்கினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சுவிட்சைப் போட்டதும் கடையின் உள்சுவர் வெள்ளையாகிவிட்டது.

தோளில் துண்டோடு வேடியப்பண்ணன் வந்து நின்றார். தன் பழைய வண்டியைத் தடவிக் கொடுத்தார். லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிட்ட நின்னா எனக்கே பளிச்சுன்னு தெரியுது தம்பி. தூரப் பார்வதான் பூடுச்சு."

நான் மீட்டரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கடையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

"அன்னிக்கும் இப்பிடித்தான எரிஞ்சிருக்கும்? எனக்குத்தான தெரியல?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஆமாண்ணா" என்றேன்.