மரத்துக்கு வாங்கிய பட்டி

1997 ஜூன் 14, சனிக்கிழமை, காலை ஐந்தே கால். வெள்ளவத்தையில் தூறல், காற்று கடற்பக்கமிருந்து வந்தது. ஒழுங்கை முனையில் குடையுடன் நின்றேன். ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஜீப் ஐந்து நாற்பதுக்கு வந்தது.

ஜீப் என் மனைவியின் தம்பியுடையது. கொட்டாஞ்சேனையில் கப்பல்களுக்குக் கயிறும் சங்கிலியும் பெயின்றும் விற்கும் கடை வைத்திருந்தார். ஏலத்தில் அந்தப் பழைய ஜீப்பை எடுத்த நாள்முதல், சனி ஞாயிறுகளில் தெருவை விட்டு இறங்கிச் சேற்றிலும் பள்ளத்திலும் ஓட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. அவரும் கூட்டாளிகளும் புதைவதற்கென்றே பெற்றோல் செலவழித்துப் போவார்கள். புதைவார்கள். பிறகு வெளியே வந்ததற்காக ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொள்வார்கள். யுத்தம் நடந்த வன்னியில் சனங்கள் தெருவால் போக வழியில்லாமல் காட்டுக்குள்ளால் சைக்கிள் உருட்டிக்கொண்டிருந்த காலம் அது. வாசலிலேயே தார் போட்ட தெரு கிடக்க, அதை விட்டு இறங்கக் காசு செலவழித்தவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் வேலை மரங்களோடு. தனியார் கம்பனி ஒன்றின் காணிகளை மேற்பார்வை செய்தேன். எந்த மரம் சாய்கிறது, எதை வெட்டலாம், எதை விடவேண்டும் என்று சொல்வது என் பொறுப்பு. அவிசாவளைக்கு அப்பால் ஆற்றோரமாக அறுபத்திரண்டு ஏக்கர் றப்பரும், மேட்டில் கொஞ்சம் தேக்கும் இருந்தன. கரையில் ஒரு மருது நின்றது. நெஞ்சு உயரத்தில் அதன் சுற்றளவு பதினான்கு அடி இரண்டு அங்குலம். அதன் வேர்தான் கரையைப் பிடித்து வைத்திருந்தது. முதலாளிக்கு மரம் என்றால் கனஅடி. ஒன்பது வருடமாக அதை வெட்டவேண்டும் என்றார். ஒன்பது வருடமாக, "பழுதில்லாத மரம், விடுங்கோ" என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தேன். மரத்தில் ஒரு பழுது வந்தால் என் வாதம் முடிந்துவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த நிலையில் என் மைத்துனர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், முதலாளியிடம் போய் அந்தக் காணியில் ஜீப் ஓட்ட அனுமதி வாங்கிவிட்டார். கடையில் முதலாளிக்கு ஏதோ விலை குறைத்துக் கொடுத்திருப்பார். அனுமதியை நிறுத்த என்னால் முடியவில்லை. ஆகவே என் மரங்களுக்குக் காவலாக நானும் போனேன்.

வெறுங்கையோடு போகவில்லை. அந்த ஜீப்பின் முன்பக்கம் ஓர் உருளையும் அதில் சுற்றிய கம்பி வடமும் உண்டு, வின்ச் என்பார்கள். வண்டி புதைந்தால் வடத்தின் நுனியை ஒரு மரத்தில் கட்டி, உருளையைச் சுழலவிட்டால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். வெறும் கம்பியை மரத்தில் சுற்றினால் பட்டையை அறுத்துவிடும். மரத்தின் சாப்பாடு பட்டையில்தான் ஓடுகிறது. அகலமான பட்டி ஒன்றை முதலில் மரத்தில் சுற்றி, கம்பியை அந்தப் பட்டியில் கொளுவவேண்டும். புறக்கோட்டையில் லொறிகளுக்குப் படங்கு தைப்பவரிடம் நான்கு அங்குல அகலத்தில் பட்டி ஒன்று தைப்பித்து, முதல் நாளே மைத்துனரிடம் கொடுத்து, எதற்கென்று இரண்டு தரம் சொல்லியிருந்தேன்.

ஜீப் நின்றதும் முன்கதவைத் திறந்தேன்.

"அத்தான், நீங்க பின்னால ஏறுங்க. முன்னுக்குப் பெரியவர் இருக்கிறார்."

முன் சீட்டில் இரண்டடி உயரத்தில் அந்தோனியார் சுரூபம், கையில் குழந்தை யேசுவோடு. என் பட்டியால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தார்கள்.

"இது மரத்துக்கு வாங்கின பட்டி."

"தெரியும் அத்தான். கோடாரிக்குப் பக்கத்தில வச்சா ஊத்தையாயிரும். இப்பிடி இருந்தா ரெண்டு வேலையும் நடக்கும்."

பின்னாலிருந்து அவருடைய கூட்டாளி சிரித்தார். துறைமுகத்தில் கிளாக்கர், வாய் மட்டும் கப்டனுடையது. "ஐயா, செக்பொயின்ட்டில உங்கட கம்பனிக் கடிதத்தை விட இவருக்குத்தான் மதிப்பு. கொச்சிக்கடைக் கோயில்ல கேட்டுப் பாருங்க."

நான் அவருக்குப் பக்கத்தில், பெற்றோல் கான்கள் மூன்றுக்கும் கயிற்றுச் சுருள்களுக்கும் கோடாரிக்கும் நடுவில் உட்கார்ந்தேன். கொலன்னாவைப் பக்கத்தால் போகவேண்டாம் என்றேன். அங்கே தொண்ணூற்றைந்தில் புலிகள் கொளுத்திய எண்ணெய்த் தாங்கிகள். தமிழர் மூன்று பேர், மூன்று கான் பெற்றோல், ஒரு கோடாரி. மூளை உள்ளவன் எவனும் அந்தத் தெருவை நினைத்தும் பார்க்கமாட்டான்.

"அந்தப் பக்கம் ட்ரஃபிக் இல்ல அத்தான்," என்றார் மைத்துனர்.

ட்ரஃபிக் இல்லைத்தான். மைத்துனரைத் தவிர எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டைகளை வாங்கிய சிப்பாய் மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னுடையதை வைத்துக்கொண்டான். பிறந்த இடம் யாழ்ப்பாணம். கம்பனிக் கடிதத்தையும் அதிலிருந்த பொலிஸ் முத்திரையையும் காட்டினேன்.

"பஹின்ன," என்றான். இறங்கினேன். மழையில் நின்றேன்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்று மைத்துனரைக் கேட்டான். மரம் பார்க்கப் போகிறோம் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். இந்த மழையிலா என்று அவன் கேட்டான். அப்போதுதான் முன் சீட்டைப் பார்த்தான். துவக்கைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தான். "அந்தோனி முனிதுமா," என்று மற்றவனுக்குச் சொன்னான். அவனும் வந்து தொட்டான். என் அட்டை திரும்பி வந்தது. பெற்றோல் கானை ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடச் சேவையும் பொலிஸ் முத்திரையும் செய்யாத வேலையை இரண்டடிச் சாந்து செய்தது. அவிசாவளை வரையில் அந்தக் கிளாக்கர் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

காணியில் காவற்காரர் குடையோடு வந்தார். மைத்துனர் அவருக்கு அரைப் போத்தல் சாராயம் கொடுத்தார். எந்த இடத்தில் சேறு ஆழம் என்று அவர் உடனே ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். பதினேழு வருடம் சம்பளம் வாங்கிக் காத்த காணியை அரைப் போத்தலுக்குத் திறந்துவிட்டார். ஆற்றுப் பக்கம் போகக்கூடாது என்று மூவருக்கும் சொல்லிவிட்டு, காற்றில் முறிந்த தேக்கு ஒன்றைப் பார்க்க மேட்டுக்கு ஏறினேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அரை மணித்தியாலத்தில் கீழே எஞ்சின் அலறுவது கேட்டது. இறங்கி வந்தேன். ஜீப் அச்சுவரை புதைந்திருந்தது. கம்பி வடம் இறுகி நடுங்கிக்கொண்டிருந்தது. மறுமுனை மருதில், வெறும் பட்டையில்.

"நிப்பாட்டும்!"

நிறுத்தவில்லை. ஜீப் ஒரு குலுக்கலோடு வெளியே வந்தது. காவற்காரர் கைதட்டினார். மூன்று தரம் வழுக்கி மூன்று தரம் இழுத்திருக்கிறார்கள். கம்பி ஏறி இறங்கிய இடத்தில் நாலு அங்குல அகலத்துக்குப் பட்டை உரிந்து, உள்ளே சிவப்பாக ஈரம் தெரிந்தது. அளந்தேன். பதினான்கு அடி இரண்டு அங்குலத்தில் ஒன்பது அடி போய்விட்டது.

"பட்டி எங்கே?" என்று கேட்டேன்.

"அவிழ்த்தா அவர் விழுந்திருவார் அத்தான். திரும்பிப் போகேக்கையும் செக்பொயின்ட் இருக்குத்தானே."

"சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒராள் இருந்திருக்கலாம்."

"நானும் காவற்காரரும் தள்ளிக்கொண்டு நிண்டோம். நீங்கதான் இருந்திருக்கோணும்," என்றார் கிளாக்கர். "நீங்க மேல போயிட்டீங்க."

அவர்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். நான் கத்தியால் காயத்தின் பிய்ந்த ஓரங்களைச் சீராக வெட்டி, களிமண் பூசி, றப்பர்க் கன்றுகளுக்கு வைத்திருந்த கறுப்புப் பொலித்தீனால் சுற்றிக் கட்டினேன். உதவிக்கு வந்த காவற்காரரின் வாய் மணத்தது, போகச் சொன்னேன்.

திங்கட்கிழமை முதலாளியின் அறைக்குப் போனபோது செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. இந்திய வம்சாவளி வியாபாரக் குடும்பம். குரலை உயர்த்தாமல் கதைப்பவர்.

"ஒன்பது வருஷமா நல்ல மரம்னு சொன்னீங்க சார். இப்ப நல்ல மரம் இல்லையே."

"ஐந்தடி பட்டை மிச்சம் இருக்கு. பிழைக்கலாம்."

"பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம். காஞ்ச பிறகு வெட்டினா எனக்கு யார் விலை தருவா?"

"என்ன விலை?"

மேசையிலிருந்த கல்குலேற்றரைத் தட்டினார். "முப்பத்தெட்டாயிரம்."

என் மாதச் சம்பளம் அப்போது பதினாலாயிரத்து ஐந்நூறு.

"நான் தாறன்."

"எங்க கொண்டு போவீங்க?"

"ஒரு இடமும் கொண்டுபோகேல்லை. அங்கேயே நிக்கட்டும்."

அவர் மணியை அடித்துக் காசாளரைக் கூப்பிட்டு, ஐயா ஒரு மரம் வாங்குகிறார், ரசீது போடு என்றார். வெளியே கந்தோர் முழுவதும் சிரித்தது. ரசீதில் "நின்றபடி" என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

என் மனைவி சிரிக்கவில்லை. "உங்களுக்கு விசர்," என்று மட்டும் சொன்னாள். கந்தோருக்கு வெளியே நேர்மையான அபிப்பிராயம் அது ஒன்றுதான்.

மைத்துனரிடம் அந்தக் காசைக் கேட்டேன். கடையில் யாவாரம் படுத்துவிட்டதாம். பதிலுக்கு, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போய் மரத்துக்காக மெழுகுதிரி கொளுத்தியதாகச் சொன்னார். பெரிய திரி என்று கையால் அளவும் காட்டினார்.

காயம் ஆறுகிறதா என்று பார்க்க, என் சொந்த விடுமுறைகளில் பதினொரு தரம் பஸ்ஸில் போனேன். ஒவ்வொரு முறையும் சோதனையில் இறங்கி ஏறினேன். எனக்கு முன் சீட்டில் யாரும் இல்லை. காணிப் பக்கத்தில் ஐந்து கொப்புகள் காய்ந்தன, அவற்றை வெட்டுவித்தேன். காயத்தின் இரண்டு ஓரங்களிலிருந்தும் புதுப்பட்டை உதடுபோல் தடித்து உள்ளே வளர்ந்தது. அடுத்த வருட மழையில் ஆறு பெருகி எதிர்க்கரையில் ஒரு பாக்குத் தோட்டத்தைக் கொண்டுபோனது. எங்கள் கரை அசையவில்லை. மருது ஆற்றுப் பக்கம் நிறையத் துளிர்த்தது.

அதை மைத்துனருக்குச் சொல்லியிருக்கக்கூடாது. அந்தோனியார் கைவிடமாட்டார் என்று கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லித் திரிந்தார். முதலாளிகூட ஒருநாள், உங்க மச்சான் மெழுகுதிரி நல்லா வேலை செஞ்சிருக்கு சார், என்றார். களிமண்ணையும் பொலித்தீனையும் ஒருவரும் பேசவில்லை.

பட்டியைப் பல தரம் கேட்டேன். ஜீப்பை விற்றபோது பட்டியையும் சேர்த்து விற்றுவிட்டார். மரவிலை, பட்டி, பொலித்தீன், கொப்பு வெட்டிய கூலி, பஸ் காசு எல்லாம் கூட்டினால் நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து ரூபா.