தொண்ணூற்றொன்பதா, நூறா: ஒரு கிராமசபைக்குப் போய் வந்தேன்

நான் படிப்பது சட்டத்தில் முதுகலை, நீடித்த வளர்ச்சி சிறப்புப் பாடம். கிராமசபையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறேன், ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. வெட்கக்கேடு. அதனால் இந்தக் காந்தி ஜெயந்திக்கு ஜெகதாப்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் ஊருக்குக் கிளம்பினேன். ஊர்ப் பேரைக் கேட்காதீர்கள், காரணம் கடைசியில் புரியும்.

புதுக்கோட்டையில் காலை 6.10க்கு பஸ். அறந்தாங்கியில் மாறி, ஜெகதாப்பட்டினத்தில் இறங்கும்போது 9.05. இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து 72 ரூபாய். அங்கிருந்து 4 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 120. "கூட்டத்துக்கா வாரீங்க? இன்னைக்கு அங்கிட்டு ஒருத்தரும் கடலுக்குப் போகல. ஆள் கொறைஞ்சா வம்பாயிரும்ல" என்றார் ஆட்டோக்காரர்.

விஷயம் இதுதான். ஊரை ஒட்டி ஓர் இறால் பண்ணை வரப்போகிறது. வந்தால் இருக்கிற ஒரே நல்ல தண்ணீர்க் கிணறும் உப்பாகிவிடும். எதிர்த்துத் தீர்மானம் போட நூறு பேராவது வந்திருக்க வேண்டும். சட்டம் படிக்கிற பிள்ளை என்று, ஆள் எண்ணுகிற வேலையை ஊராட்சிச் செயலர் என் தலையில் கட்டிவிட்டார்.

பந்தலில் பேர் வாசித்தார்கள். "முனியசாமி" என்றதும் பதில் இல்லை. மொத்தக் கூட்டமும் பேச்சை நிறுத்திவிட்டுக் கடல் பக்கம் திரும்பியது. கைக்குழந்தைகூடச் சிணுங்கவில்லை. ஒரு நிமிடம் கழித்துத்தான் செயலர் அடுத்த பேருக்குப் போனார்.

எண்ணினேன். பெரிய மேதாவி மாதிரி சத்தமாகச் சொல்லியும் தொலைத்தேன்: "தொண்ணூத்தொன்பதுதான் இருக்கு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த பாக்கியம், முனியசாமியின் மனைவி, தன் பக்கத்தில் மடித்து வைத்திருந்த துண்டைத் தொட்டபடி சொன்னார்: "அவுக கடலுக்குப் போயி மூணு வருசம் ஆகுது. ஒடம்பு கரைக்கு வரல. அப்புடி வராத ஆளுக்கு இந்த ஊருல கருமாதி பண்றதில்லம்மா. எண்ணாம விடுறதும் இல்ல."

"காணாமப் போனவர் இறந்துட்டார்னு எடுத்துக்கச் சட்டத்துலயும் ஏழு வருசம் ஆகணும்" என்று ஏதோ உளறினேன். உயிரோடு இருப்பது வேறு, கூட்டத்துக்கு வந்திருப்பது வேறு என்று எனக்குத் தெரியாதா என்ன?

வருகைப் பதிவேட்டை என்னிடம் நீட்டினார்கள். முனியசாமி பேருக்கு நேரே திருத்தமான கையெழுத்து. அடுத்த வரியில் பாக்கியத்தின் கைரேகை. "எம் பேரு எழுத வராது. அவுக கையெழுத்து மட்டும் வரும்" என்றார் பாக்கியம்.

"எத்தனைன்னு போடட்டும்மா?" என்று கேட்டார் செயலர்.

மறுபடி எண்ணினேன். துண்டு இருந்த இடத்தைத் தாண்டிப் போகத்தான் நினைத்தேன். விரல் அங்கே நின்றது, நின்று எண்ணியது. நூறு என்றேன். தீர்மானம் நிறைவேறியது.

போகிறவர்கள் கையோடு தண்ணீர் கொண்டுபோங்கள், அந்தக் கிணறு அவர்களுக்கே போதாது. திரும்ப மாலை 4.30 பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. யாராவது ஆள் எண்ணச் சொன்னால் முதலிலேயே மறுத்துவிடுங்கள்.

அடுத்த மாதம் இந்தக் கூட்டத்தையும் சேர்த்து ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தொண்ணூற்றொன்பது என்று எழுதினால் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு தீர்மானம் செல்லாது என்பார்கள், கிணறும் போச்சு. நூறு என்றே எழுதியிருக்கிறேன். பொய் எழுதிய உறுத்தல் வரும் வரும் என்று பார்க்கிறேன், இதுவரை வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.