தீவன ஆலையின் நிறுத்தக்கா

தீவன ஆலையில் அவளை எல்லோரும் 'நிறுத்தக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

வேளாண் வணிகம் படித்த நாளில் அவள் ஊரறிந்த பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சிக்கும் பயம், ஏணிக்கும் பயம். கடைசி வருடத்தில் வகுப்பையே இந்த ஆலைக்குக் கூட்டிவந்தார்கள். வழியெல்லாம் ஒரே புலம்பல்.

"மாட்டுத் தீவனம் விக்கவா இத்தனை வருஷம் படிச்சோம்?" என்றான் அவளுடைய சிநேகிதன்.

படித்ததெல்லாம் பயிரும் தீவனமும். உட்கார மட்டும் ஏசி அறை வேண்டுமாம் துரைமார்களுக்கு! அவளும் வங்கி வேலைக்குத்தான் மனக்கோட்டை கட்டியிருந்தாள்.

மக்காச்சோளம் கொட்டிவைத்த இரும்புக் களஞ்சியம் மூன்று மாடி உயரம். "மேல பார்த்தா தரை மாதிரி கெட்டியா தெரியும். கீழ சோளத்தை உருவுற மோட்டார் ஓடினா ஆளையே உள்ள இழுத்துடும்," என்றார் மேற்பார்வையாளர். மற்றவர்கள் போனில் மூழ்கிக் கிடக்க, அவள் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஏணிப்பக்கமே போகாமல் மோட்டார் பெட்டியருகே ஒண்டிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் சிநேகிதனைக் காணோம். அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் திறந்திருந்த கதவு வழியாக அவன் களஞ்சியத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தான், சோளத்தின் மேல் நின்று படம் எடுக்க. அந்த நேரம் பார்த்து மோட்டார் உறுமியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. மோட்டார் பெட்டியிலிருந்த சிவப்புப் பொத்தானை அவளே அடித்தாள்.

அதற்குள் சோளம் அவன் இடுப்புக்கு ஏறிவிட்டது. கயிறு கட்டி, சுற்றிலும் வாரித் தள்ளி, ஒருவழியாக வெளியே எடுத்தார்கள். அவன் குழந்தைபோல் அழுதான்.

கிளம்பும்போது மேலாளர், "இங்க வேலைக்கு யாராவது வர்றீங்களா?" என்றார். எல்லோரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எதுக்கும் பயப்படாத ஆளுங்க எங்கிட்ட நிறைய இருக்காங்கம்மா. பயப்படற ஆள்தான் ஒருத்தரும் இல்ல."

சிநேகிதன் வங்கிக்குப் போனான். அவள் அம்மாவிடம் அர்ச்சனை வாங்கிக்கொண்டு இங்கே வந்தாள்.

இப்போதெல்லாம் அவள் ஏணியேறி உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் மோட்டார் ஓடும். இன்னமும் ஒவ்வொரு படியிலும் கால் நடுங்குகிறது. போன வாரம் ஆலையைப் பார்க்க வந்த மாணவன் ஒருவன் பாதி ஏணியில் நின்று, கீழே நின்ற அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, பயமா?"

"ரொம்ப பயம். இறங்கு."