ஒரு வாய்த் தண்ணீரில் எத்தனை பேர்

செங்கம்மாள் தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் அவசரப்படக் கூடாது. எவர்சில்வர் தம்ளரின் அடியில் ஒரு வாய் அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொள்வார். ஜன்னல் வெளிச்சத்தில் தம்ளரைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அதையே பார்ப்பார். அப்புறம்தான் குடிப்பார். மறுபடியும் ஒரு வாய் ஊற்றுவார், பார்ப்பார், குடிப்பார். தாகத்தோடு பின்னால் நிற்கிற பேக்கிங் பெண்கள், "யக்கா, தண்ணி குடிக்கிறியா, மை போட்டுப் பாக்கிறியா?" என்று கத்துவார்கள். அவருக்குக் கோபம் வராது. "பதினெட்டு கிராம்டி இது. இந்த ஒரு வாயில எத்தினி பேரு கீறாங்கன்னு தெரிஞ்சா நீ குடிக்க மாட்டே, கும்புடுவே" என்பார்.

வயது நாற்பத்தெட்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. பழவேற்காட்டு ஏரியோரம் ஒரு குப்பத்தில் பிறந்து, லோகநாதனுக்கு வாழ்க்கைப்பட்டுப் புதுவாயலுக்கு வந்தவர். காலை ஏழரைக்குக் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்தால், இரும்பு ஏற்றின லாரிகளுக்கு நடுவே புழுதி குடித்துக்கொண்டு எட்டு மணிக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் போய்விடுவார். அங்கே ஒரு சின்ன ரசாயனக் கம்பெனி. அதன் சோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவவும் தரை துடைக்கவும்தான் அவரைச் சேர்த்தார்கள். எடை போடுகிற வேலை தானாக அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று வருஷமாகிறது.

அந்த எடை மேடை ஒரு தனி அறையில் இருக்கிறது. நாலு பக்கமும் கண்ணாடி வைத்த மின்தராசு. உள்ளே போகுமுன் செங்கம்மாள் வளையல்களைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிடுவார். தராசின் முன்பலகையை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதற்கப்புறம்தான் கையுறை. இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், "சாமிகிட்ட போறப்போ செருப்பு போட்டுக்கினா போறோம்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

அவருக்கு மேலே இருப்பவர் காயத்ரி. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிற பெண், வேதியியல் படித்தவர், செங்கம்மாளின் வயதில் பாதிதான். செங்கம்மாள் எடை போடத் தொடங்கிய புதிதில் காயத்ரி ஒருநாள், "அக்கா, காஸ்டிக் சோடா ஒரு மோல் எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆழாக்கு, உழக்கு, படி மாதிரி மோல் என்பதும் ஒரு பாத்திரம் என்று செங்கம்மாள் எடுத்துக்கொண்டார். அலமாரி முழுக்கத் தேடினார். ஸ்டோருக்குப் போய், "அந்த மோலு கரண்டி இங்க கீதா?" என்று விசாரித்தார். ஸ்டோர் பார்க்கிற அன்புசெல்வன் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. இன்றைக்கும் வழியில் பார்த்தால், "இன்னாக்கா, கரண்டி கெடச்சிதா?" என்றுதான் வணக்கம் சொல்வார்.

ஒரு மோல் காஸ்டிக் என்றால் நாற்பது கிராம் என்று காயத்ரி எழுதிக் காட்டினார். செங்கம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் உப்பு ஒரு மோல் கேட்டபோதும் நாற்பது கிராம்தான் போட்டார். ஒரு படி என்றால் அரிசிக்கும் ஒரு படி, உளுந்துக்கும் ஒரு படிதானே! அன்றைக்குச் சோதனைக் கணக்கு எதுவும் ஒட்டவில்லை. காயத்ரி மூன்று தடவை செய்து பார்த்து, கண் கலங்கி, கடைசியில் தராசுப் பக்கம் வந்து கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

"உப்புக்கு ஐம்பத்தெட்டரை போடணும்க்கா. மோல்ங்கிறது எடை இல்ல, எண்ணிக்கை. டஜன் மாதிரி. நம்மால எண்ண முடியாத அளவுக்குப் பொடிசா இருக்கறதால, எடை போட்டு எண்ணிக்கையைத் தெரிஞ்சுக்கறோம்."

செங்கம்மாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கவுண்ட்டா? அட, அத்த மொதல்லியே சொல்றதில்ல!"

கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஏரிப் பக்கத்து எறா கம்பெனியில் வேலை பார்த்தவர். இறாலை ஐஸில் போட்டுத் தரம் பிரிக்கிற வேலை. அங்கே எல்லாம் கவுண்ட்தான். முப்பது கவுண்ட் என்றால் கிலோவுக்கு முப்பது இறால்; அறுபது கவுண்ட் என்றால் கிலோவுக்கு அறுபது, சின்னது. காயத்ரிக்கு அன்று அவர்தான் விளக்கினார். "எறாவ எவன் ஒண்ணொண்ணா எண்ணிக்கினு இருப்பான்? முந்நூறு எறா ஓணும்னா முப்பது கவுண்ட்ல பத்து கிலோ போடு. அறுவதுன்னா அஞ்சு கிலோ போதும். எண்ணிக்க அதே தான், எட தான் வேற. காஸ்டிக்கு பொடி எறா, உப்பு பெரிய எறா. அவ்ளோதானே?"

அவ்வளவுதான் என்றார் காயத்ரி. மூன்று வருஷம் கல்லூரியில் படித்ததை இப்படி ஒரு கூடையில் போட்டுக் கொடுத்துவிட்டாரே என்று அவருக்கு ஆச்சரியம்.

எதற்கு எண்ணிக்கை, எடை போதாதா என்று பேக்கிங் பெண்கள் கேட்டால், செங்கம்மாள் கூழ் வார்க்கும் திருவிழாச் சாப்பாட்டைச் சொல்லுவார். "இலைக்கு ஒரு வடன்னா, நூறு இலைக்கு நூறு வட. ஒரு கிலோ இலைக்கு ஒரு கிலோ வடன்னு எவனாச்சும் கணக்கு போடுவானா? அமிலத்துல கீற ஒருத்தருக்கு காஸ்டிக்குல ஒருத்தர் ஜோடி. கொறைஞ்சா அங்க ஒருத்தர் பேஜாரா நிப்பாரு." துகள்களை அவர் அது, இது என்று சொல்வதில்லை. எல்லாரும் அவருக்கு ஆட்கள்தான்.

ஒரு மோலில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டார். காயத்ரி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஆறு போட்டு, அதன் பின்னால் இருபத்து மூன்று சைபர் போட்டுக் கொடுத்தார். "தமிழ்நாட்டு ஜனம் மொத்தமும் உக்காந்து, சோறு தூக்கம் இல்லாம, விநாடிக்கு ஒண்ணா எண்ணினாலும் இருபது கோடி வருஷத்துக்கு மேல ஆகும்க்கா" என்றார். செங்கம்மாள் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "எண்ணி வச்சிக்கினு கீறவரு ஒருத்தர் மேல கீறாரு காயத்ரிம்மா. நமக்குத்தான் தெரியல" என்றார்.

அந்தத் தாள் இப்போது புதுவாயல் வீட்டில் அங்காளம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. முதல்நாள் அதைப் பார்த்த லோகநாதன், "இன்னாடி இது, சாமியாண்ட லாட்டரி நம்பர ஒட்டி வச்சிக்கீறே? அடிச்சா எனுக்கும் பாதி" என்றார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவரே அதற்கும் சேர்த்துக் குங்குமம் வைத்துவிடுகிறார்.

அந்த எண் உள்ளே புகுந்த பிறகு செங்கம்மாளுக்கு உலகம் கொஞ்சம் கனவு மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் மழை பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் தார்ப்பாயை இழுத்து விடுவார்கள். அவர் கையை வெளியே நீட்டி உள்ளங்கையில் சொட்டு வாங்குவார். அது முழங்கை வரைக்கும் வழிகிறதைப் பார்ப்பார். கம்பெனிகளின் புகைபோக்கிகள், நெடுஞ்சாலை விளக்குகள், நனைந்த எருமை, தன் புடவை எல்லாமே உட்காரக்கூட இடமில்லாத திருவிழாக் கூட்டமாக அவருக்குத் தோன்றும். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, கைகோத்துக்கொண்டு, ஒருவரும் தொலைந்துபோகாத கூட்டம். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்த நாட்களும் உண்டு.

போன மாதம் பார்த்திபன் என்கிற புது அதிகாரி வந்தார். கெட்டவர் அல்ல; சட்டதிட்டமாக இருப்பவர். திங்கள்கிழமை கம்பெனியை ஆய்வு செய்ய வெளியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. ஐந்தாம் வகுப்புப் படித்தவர் தராசில் நிற்பதை அவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று அவருக்குக் கவலை. செங்கம்மாளைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றிவிட முடிவு செய்தார். சம்பளம் குறையாது. ஆனால் தராசு போய்விடும். நாளெல்லாம் மூட்டை வாய் தைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

காயத்ரி வாதாடிப் பார்த்தார். "சார், அவங்களுக்கு என்ன எடை போடறோம்னு தெரியும் சார்."

"பழக்கத்துல போடறாங்கம்மா. தெரிஞ்சு போடறாங்களா?" என்றார் பார்த்திபன். "நான் நேர்ல பார்க்கறேன். சரியா இருந்தா யோசிக்கலாம்."

சனிக்கிழமை காலை பத்து மணி. செங்கம்மாள் தராசு முன்னால் நின்றார். பார்த்திபன் ஒரு சீட்டை நீட்டினார். 'ஆக்சாலிக் அமிலம், அரை மோல், 63 கிராம்' என்று எழுதியிருந்தது. செங்கம்மாளுக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்த கணக்கு. மாதம் இரண்டு தடவையாவது போட்ட அதே அறுபத்து மூன்று. அதைத் தண்ணீரில் கரைத்து வைத்துத்தான் காஸ்டிக்கின் வலுவையே சரிபார்ப்பார்கள். அது தப்பினால் அந்த வாரத்துச் சோதனை அத்தனையும் கோணல்.

பழைய பாட்டில் தீர்ந்திருந்தது. ஸ்டோரிலிருந்து புதிது வந்திருந்தது. செங்கம்மாள் மூடியைத் திறக்குமுன் வழக்கம்போல லேபிளைப் பார்த்தார். ஆங்கிலம் வராது. எண்கள் வரும். பெயருக்குக் கீழே, ஒரு மோலின் எடை நூற்று இருபத்தாறு என்று இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூறு இருந்தது.

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா, ஏன் நிக்கறே? சீட்டு படிக்க வரலையா?" என்றார் பார்த்திபன்.

படிக்க வந்ததுதான் கஷ்டம். சீட்டில் எழுதியபடி அறுபத்து மூன்று போட்டால் அதிகாரி சரி என்பார், தராசு தன்னிடமே இருக்கும். வாயைத் திறந்தால், சோதித்துப் பார்க்க வந்தவரையே தப்பு சொன்ன மாதிரி ஆகும். செங்கம்மாள் மனசுக்குள் அங்காளம்மனைக் கூப்பிட்டார். கண்ணாடிக்குள் தராசு சைபரைக் காட்டிக்கொண்டு காத்திருந்தது.

"சார்... இது தல கிள்ளின எறா சார்."

"என்னது?"

வாசலில் நின்ற காயத்ரி வாயைப் பொத்திக்கொண்டார்.

"நம்ம பழைய பாட்டில்ல கீறது தலையோட கீற எறா. ஒவ்வொருத்தரும் ரெண்டு தண்ணியக் கூட இட்டுக்கினு குந்திக்கீறாங்கன்னு காயத்ரிம்மா சொல்லிக்கீறாங்க. தண்ணி ஒண்ணு பதினெட்டு. ரெண்டு போட்டா முப்பத்தாறு." செங்கம்மாள் கையுறை போட்ட விரல்களை மடக்கினார். "நூத்தி இருவத்தாறுல முப்பத்தாறு போச்சின்னா தொண்ணூறு. இதுல அந்த தொண்ணூறு தான் போட்டுக்கீது. அப்போ இவங்க தண்ணி இல்லாம தனியா வந்துக்கீறாங்க. அரை மோலுக்கு நாப்பத்தஞ்சு போதும் சார். அறுவத்திமூணு போட்டா பந்தியில கூட்டம் ஜாஸ்தியாப் பூடும்."

பார்த்திபன் பாட்டிலை வாங்கினார். லேபிளை ஒரு தடவை படித்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு இன்னொரு தடவை படித்தார். வேறு கம்பெனிச் சரக்கு; பெயருக்கு முன்னால் நீர் இல்லாதது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. காயத்ரியைப் பார்த்தார். காயத்ரியும் அந்தப் பாட்டிலை இன்னும் கவனித்திருக்கவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துச் சீட்டில் அறுபத்து மூன்றை அடித்தார். அதன் பக்கத்தில் எதையும் எழுதவில்லை. சீட்டையும் பேனாவையும் செங்கம்மாள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே எழுதிப் போடுங்கம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "திங்கக்கிழமை அவங்க வரும்போதும் நீங்கதான் இங்க நிக்கணும்" என்றார்.

செங்கம்மாள் பேனாவை எடுத்தார். குண்டு குண்டாக 45 என்று எழுதினார். தராசின் பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்து, கரண்டியின் பிடியை விரலால் தட்டித் தட்டி வெள்ளைத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிய விட்டார். முப்பது, நாற்பது, நாற்பத்து நாலு. அதற்கு மேல் எண் ஓரிடத்தில் நிற்காமல் காற்றில் முன்னும் பின்னும் ஆடியது. தராசிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, பக்கத்தில் இருப்பது யாரென்ற நினைப்பே இல்லாமல், அவர் இடது கையை உயர்த்தி மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைச் சுட்டினார். பார்த்திபன் போய் அதை நிறுத்தினார்.